மாதிரியை மேசைமேல் வைக்காதீர்கள்: வரைபடமில்லாத மணிப்பின்னல் பட்டறை நடத்த முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) மண்டபத்தில் முதல் முறை இந்தப் பட்டறையை நடத்தியபோது, நான் பின்னியிருந்த கைப்பட்டை ஒன்றை மேசை நடுவில் வைத்தேன். வருபவர்களுக்கு ஆசை வரட்டும் என்று எண்ணம். பதினொரு பேர் வந்தார்கள். கடைசியில் பதினொரு கைப்பட்டைகள் கிடைத்தன. பதினொன்றும் என்னுடையதைப் போலவே இருந்தன. நீலத்துக்குப் பக்கத்தில் பச்சை, இடது ஓரத்தில் ஒரு வளைவு, நுனியில் செப்பு நிற மணி. நானோ காலையிலிருந்து "உங்கள் விருப்பம்போலச் செய்யுங்கள்" என்று தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தேன். விடைத்தாளைக் கையில் கொடுத்துவிட்டுச் சொந்தமாக எழுதச் சொன்ன கதைதான்.

அதன் பிறகு பட்டறையின் வரிசையையே மாற்றினேன். எதை முதலில் காட்டுவது, எதை மறைப்பது, எப்போது வாய் திறப்பது என்பதில்தான் காரியம் இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெண்களுக்குக் கைத்திறன் குறைவில்லை. புள்ளிக் கோலம் போடுவார்கள், பூத் தொடுப்பார்கள், ரவிக்கைக்கு ஆரி வேலை செய்வார்கள். இவை எல்லாவற்றிலும் இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும். ஒரு புள்ளி தவறினால் அழித்துவிட்டுப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தோடு வருபவரிடம் "வரைபடம் இல்லை" என்றால் கை நின்றுவிடும். கீழே உள்ள வரிசை அப்படி நிற்கும் கைகளுக்காக.

1. நாள், நேரம், கட்டணம்

ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் 12.30 வரை. தோட்டத்தில் வேலை செய்பவர்களுக்கு நிம்மதியாகக் கிடைப்பது அந்த நேரம்தான். பிற்பகல் வேண்டாம். மூன்று மணிக்கு மேல் மழை இருட்டினால் டியூப் லைட் வெளிச்சத்தில் கருநீலமும் கறுப்பும் ஒன்றாகத் தெரியும்.

ஒரே நாளில் முடிக்காமல் இரண்டு ஞாயிறுகளாகப் பிரியுங்கள். மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கண் தாங்காது. அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு: நடுவில் கிடைக்கும் ஒரு வாரத்தில், யாரும் பார்க்காத வீட்டு மூலையில், பலர் துணிந்து எதையாவது முயன்று பார்ப்பார்கள்.

தீபாவளிக்கு முந்தைய ஆறு வாரங்களையும் தைப்பூச வாரத்தையும் விட்டுவிடுங்கள். முறுக்குப் பிழியும் கை மணியைத் தொடாது.

ஒரு ஆசிரியருக்குப் பன்னிரண்டு பேர் உச்ச வரம்பு. கட்டணத்தை நிர்ணயிக்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள்: 2025 பிப்ரவரி முதல் மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 ரிங்கிட் சொச்சம். நகரத்துப் பட்டறைகளைப் பார்த்து 80, 100 என்று கேட்டால், ஒன்றேகால், ஒன்றரை நாள் உழைப்பைக் கேட்கிறீர்கள். நான் மணிகளின் அடக்க விலையை மட்டும் வாங்குகிறேன். அதையும் சம்பளம் போட்ட பிறகு வரும் ஞாயிற்றில்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

மணிகள்: சிறு கண்ணாடி மணிகளுக்கு எண் அளவு உண்டு. எண் ஏற ஏற மணி சிறியதாகும். 6 என்பது ஏறக்குறைய 4 மில்லிமீட்டர், 8 என்பது 3, 11 என்பது 2, 15 என்பது ஒன்றரை. பட்டறைக்கு 6, 8, 11 ஆகிய மூன்றும் போதும். 15-ஆம் எண்ணைப் புதியவர்களிடம் கொடுத்தால் ஊசி நுழையாமல் கண்ணீர்தான் நுழையும்.

ஜப்பானிய மணிகள் ஒரே சீராக இருக்கும், விலை கூடுதல். செக் நாட்டு மணிகள் சற்று முன்பின்னாக இருக்கும். இந்த வேலைக்கு அந்த முன்பின் குறையே அல்ல, இன்னும் நல்லது. எனவே செக் மணிகளையே வாங்குங்கள்.

சாயம் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு வகையிலும் நான்கைந்து மணிகளை எடுத்து, நகச்சாயம் அகற்றும் திரவத்தில் நனைத்த பஞ்சில் தேயுங்கள். பஞ்சில் நிறம் ஒட்டினால் அந்த மணி கைப்பட்டைக்கு ஆகாது. நம் ஊர் வியர்வைக்கு ஒரு மாதத்தில் வெளுத்துவிடும்.

நூல்: பருத்தி நூல் வியர்வையில் இற்றுப்போகும். ஒற்றை இழை நைலான் சுருண்டு எழும்பும், நாளாக ஆகக் காய்ந்து முறியும். மீன்பிடி சாமான் கடையில் பின்னல் தூண்டில் நூல் கேளுங்கள். 6 பவுண்டு தாங்குவது போதும். மணியின் கூரிய விளிம்பு அதை எளிதில் அறுக்காது. கடைக்காரர் எந்த ஆற்றுக்குப் போகிறீர்கள் என்று விசாரிப்பார்.

ஊசி: 10-ஆம் எண் மணி ஊசி, ஆளுக்கு ஒன்று, உபரியாக ஆறு. வளைந்துபோவதும் முறிவதும் சாதாரணம். தையல் ஊசியின் காது தடித்தது. 11-ஆம் எண் மணிக்குள் போகாது.

தட்டு: பிஸ்கட் டின் மூடி, அதனுள் குட் மார்னிங் துண்டை (மெல்லிய பருத்தி முகத்துண்டு) மடித்து விரியுங்கள். வெறும் தட்டில் மணி உருளும், ஊசியால் குத்தி எடுக்கவும் முடியாது. துண்டில் கிடக்கும் மணி ஓடாது.

இவற்றோடு சிறு கத்தரிக்கோல், படிப்பதற்கான மூக்குக்கண்ணாடி நான்கைந்து (+1.5, +2, +2.5), ஒரு காந்தம். கண்ணாடியை மறந்துவிடாதீர்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் தங்களுக்குக் கண் தெரியவில்லை என்று சொல்லமாட்டார்கள். "எனக்கு இதெல்லாம் வராது" என்றுதான் சொல்வார்கள்.

3. மிக்சர் கலப்பது

மூன்று அளவு மணிகளையும் ஒரு கிண்ணத்தில் கலந்து கொடுப்பதற்கு எங்கள் பட்டறையில் மிக்சர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

நிறங்களை நீங்கள் கலக்கக்கூடாது. முதல் ஞாயிறு கிளம்பும்போது, அடுத்த வாரம் வீட்டிலிருந்து ஒரு பொருள் கொண்டுவரச் சொல்லுங்கள்: பழைய சேலைத் துண்டு, காய்ந்த இலை, ஒரு புகைப்படம். அதிலிருந்து ஐந்து நிறங்களை அவர்களே பார்த்து எடுக்கட்டும். "பிடித்த நிறத்தை எடுங்கள்" என்றால் எல்லோரும் சிவப்பையும் பொன்னிறத்தையும்தான் எடுப்பார்கள். கையில் ஒரு பொருள் இருந்தால் கண் வேலை செய்யத் தொடங்கும். ஒருவர் செம்பனைப் பழம் (பாமாயில் எடுக்கும் பழம்) ஒன்றைக் கொண்டுவந்தார். ஆரஞ்சு என்று நினைத்து வந்தவர், உற்றுப் பார்த்த பிறகு நுனியில் இருந்த கருமையையும் அடியில் இருந்த மங்கிய மஞ்சளையும் தேடித் தேடி எடுத்தார்.

ஒரே ஒரு கட்டுப்பாடு: ஐந்தில் ஒன்று அவர்களுக்குப் பிடிக்காத நிறமாக இருக்க வேண்டும், அதையும் ஒரு சிட்டிகைதான் போட வேண்டும். எல்லாம் ஒன்றோடொன்று இசைந்துபோகும் கலவை பின்னிய பிறகு மங்கித் தெரியும். அந்த ஒரு சிட்டிகைதான் மற்ற நான்கையும் எடுத்துக்காட்டும். ஆளுக்கு மொத்தம் 25 கிராம் அளவில் கொடுங்கள்.

4. முதல் ஞாயிறு: கைக்குப் பழக்கம், கற்பனைக்கு விடுமுறை

இந்த நாளில் சுதந்திரம் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். தையல் கைக்கு வராதவரிடம் விருப்பம்போலச் செய்யச் சொல்வது, மிதிவண்டி ஓட்டத் தெரியாதவரிடம் எங்கே வேண்டுமானாலும் போ என்று சொல்வது போன்றது.

கற்றுக்கொடுக்க வேண்டியது, ஒரு மணியைத் தாண்டி அடுத்த மணிக்குள் நுழைந்து பின்னும் பெயோட்டி (peyote) தையல் ஒன்றுதான். எல்லோருக்கும் 8-ஆம் எண் மணிகள், சிவப்பு, வெள்ளை, மஞ்சள் என்று மூன்று நிறங்களில். வரிசை இது:

இரு கைகளையும் விரித்த அளவுக்கு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நூல் வெட்டுங்கள். அதற்கு மேல் நீளம் கூடினால் சிக்கு விழும். நுனியை விரலால் தட்டையாக்கி, இரண்டு விரலுக்கிடையே சற்றே வெளியே தெரியும்படி பிடித்து, ஊசியை நூலிடம் கொண்டுவாருங்கள். நூலை ஊசியிடம் கொண்டுபோகாதீர்கள். எச்சில் தொட்டால் பின்னல் நூல் பிரிந்துவிடும்.

முதலில் ஒரு காவல் மணி. நூல் முனையில் ஒரு சாண் விட்டு, அந்த மணிக்குள் இருமுறை சுற்றி இறுக்குங்கள். மற்ற மணிகள் வழுக்கி விழாமல் இது காக்கும், கடைசியில் கழற்றிவிடலாம்.

அடுத்து சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை என்று மாறி மாறிப் பன்னிரண்டு மணிகள் கோக்க வேண்டும். கடைசி மணி வெள்ளையாக இருக்கும். இப்போது ஒரு மஞ்சள் மணியை எடுத்து, அந்த வெள்ளையைத் தாண்டி, அதற்கடுத்த சிவப்புக்குள் திரும்பி நுழையுங்கள். மறுபடி மஞ்சள், வெள்ளையைத் தாண்டு, சிவப்புக்குள் நுழை. ஆறு மஞ்சள் முடிந்தால் ஒரு வரிசை. திரும்பும்போது ஒவ்வொரு முறையும் ஒரு புதிய மணியைக் கோத்து, மேலே துருத்தி நிற்கும் மஞ்சள் மணிகளுக்குள் மட்டும் நுழைந்துகொண்டு போக வேண்டும்.

மூன்று நிறம் கொடுப்பதற்குக் காரணம் இதுதான். ஒரே நிறமாக இருந்தால் எதைத் தாண்டுவது, எதில் நுழைவது என்று முதல் மூன்று வரிசைகளில் யாருக்கும் தெரியாது. அந்த மூன்று வரிசைகளும் பாம்புபோல் முறுக்கிக்கொள்ளும். இங்கேதான் பாதிப் பேர் கைவிடப் பார்ப்பார்கள். அதை முன்பே சொல்லிவிடுங்கள்: "இப்போது முறுக்கும், ஐந்தாவது வரிசையில் தானாக நிமிரும்." சொன்னபடி நிமிரும்போது உங்கள்மேல் ஒரு நம்பிக்கை வரும், அடுத்த வாரம் அது தேவைப்படும்.

நூலின் இழுப்பைக் கவனியுங்கள். அளவுக்கு மீறி இழுத்தால் பின்னிய துண்டு படகுபோல் வளையும். தளர்ந்தால் மணிகளுக்கிடையே நூல் தெரியும். பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டிய கைகளின் இழுப்பு எனக்கு இப்போது தனியாகத் தெரியும். நூல் அறுவதற்கு முன்பு ஊசி முறியும்.

பத்து வரிசை வந்ததும் நிறுத்துங்கள். அழகாக வந்திருக்கிறது என்று தொடர்ந்தால், அதையே அடுத்த வாரமும் நீட்டிக்கொண்டு போவார்கள்.

5. இரண்டாம் ஞாயிறு: சோழி சொல்லட்டும்

மிக்சர் தட்டில் இருக்கிறது, ஊசியில் நூல் இருக்கிறது. மண்டபத்தில் ஓர் அமைதி விழும். ஒருவர் தலை நிமிர்ந்து கேட்பார்: "டீச்சர், எந்த மணியை முதலில் எடுப்பது?"

இந்த இடத்தில் ஆசிரியர்கள் செய்யும் தவறு இரண்டு வகை. ஒன்று, "எதை வேண்டுமானாலும்" என்பது. அது கேட்டவரைத் தனியே காட்டில் விடுவதற்குச் சமம். மற்றொன்று, "இந்தப் பச்சையை எடுங்களேன்" என்பது. அந்த நொடியிலிருந்து அது உங்கள் கைப்பட்டை.

நான் பல்லாங்குழிச் சோழிகள் ஆறைக் கையில் கொடுக்கிறேன். போட்டுப் பாருங்கள். நிமிர்ந்து விழுந்தவை ஒன்று அல்லது இரண்டு என்றால் பெரிய மணி. மூன்று, நான்கு என்றால் நடுத்தரம். ஐந்து, ஆறு என்றால் சிறியது. எல்லாம் கவிழ்ந்தால் ஒரு மணியும் எடுக்காமல் அடுத்த மணிக்குள் நுழைய வேண்டும். நிறத்தைப் பார்க்காமல் தட்டிலிருந்து எடுக்க வேண்டும்.

அரை மணி நேரம் இப்படிப் போகட்டும். என்ன நடக்கிறது என்றால், முடிவெடுக்கும் பொறுப்பு சோழிக்குப் போய்விடுகிறது. தவறு செய்தால் பழி சோழிமேல். சிரிப்பு வரும். நான்காவது வரிசையில் யாராவது ஒருவர் சோழி சொன்னதைக் கேட்காமல் வேறு மணியை எடுப்பார். "இல்லை, இங்கே பெரியது வந்தால் நன்றாக இருக்காது" என்பார். அதற்காகத்தான் சோழியே. அவருடைய சோழிகளைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

6. மூன்று வித்தைகள், ஒவ்வொன்றாக

சோழி விளையாட்டு முடிந்ததும் மூன்று வித்தைகளைக் காட்டுங்கள். முடிந்த கைப்பட்டையில் காட்டாமல், ஒரு பழைய பயிற்சித் துண்டில் செய்து காட்டி உடனே பையில் போட்டுவிடுங்கள்.

அகலம்: ஓர் இடைவெளியில் ஒரு மணிக்குப் பதில் இரண்டு சிறிய மணிகளை வையுங்கள். அடுத்த வரிசையில் அந்த இரண்டையும் பிரித்து நடுவில் ஒரு மணி. துண்டு அகலும், நெருக்கமாகப் பலமுறை செய்தால் அப்பளம் பொரிவதுபோல் அலை அலையாக மடியும்.

ஒடுக்கம்: மணி வைக்காமல் அடுத்ததில் நுழைவது. துண்டு உள்வாங்கும்.

பாலம்: ஒரு மணியிலிருந்து வெளியே வந்து, பத்துப் பதினைந்து சிறு மணிகளைக் கோத்து, சற்றுத் தள்ளி இன்னொரு மணிக்குள் நுழைய வேண்டும். கோத்த சரம் கீழே உள்ள இடைவெளியைவிட நீளமாக இருந்தால்தான் வளைவாக எழும்பும்; குறைந்தால் துண்டையே சுருக்கி இழுத்துவிடும். பாலத்தின் வழியே நூலை இரண்டு முறை செலுத்துங்கள், ஒற்றை இழை எங்காவது மாட்டி அறுந்துவிடும். பிறகு அந்தப் பாலத்தின்மேலும் பெயோட்டி போட்டுக்கொண்டு போகலாம்.

மூன்றையும் சேர்த்துக் காட்டாமல், இருபது நிமிட இடைவெளி விட்டு ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். சேர்த்துக் காட்டினால் மூன்றையும் வரிசையாகச் செய்து முடித்துவிட்டு "அடுத்து என்ன?" என்பார்கள்.

7. கையையும் வாயையும் கட்டிக்கொள்வது

எனக்கு மிகக் கடினமான பகுதி இது. அவர்களுடைய துண்டை உங்கள் கையில் வாங்காதீர்கள். சிக்கெடுக்க உதவ வேண்டுமென்றால், இன்னொரு ஊசியால் இடத்தைச் சுட்டிக்காட்டி அவர்களையே எடுக்கச் சொல்லுங்கள். ஒரு மணியை நீங்கள் போட்டுக் கொடுத்தாலும் மீதியெல்லாம் அந்த ஒன்றுக்கு ஏற்றபடி மாறும்.

பாராட்டும் ஆபத்தானது. ஒருவரிடம் "அந்தப் பாலம் அருமை" என்று சத்தமாகச் சொன்னால் பத்து நிமிடத்தில் மேசை முழுக்கப் பாலங்கள் முளைக்கும். நல்லது கெட்டது சொல்லாமல் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "இங்கே சிறிய மணிகள் கூட்டமாக வந்திருக்கின்றன." பிறகு கேளுங்கள்: "அவை எங்கே போகப் போகின்றன?"

ஒரு முறை, இருபது ஆண்டுகள் பால்மரம் வெட்டிய ஓர் அம்மாள் என்னைக் கூப்பிட்டார். தவறான மணிக்குள் நுழைந்து இழுத்துவிட்டதால் துண்டின் நடுவே விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது.

"டீச்சர், கெட்டுப்போய்விட்டது. பிரிக்கவா?"

"பிரிப்பதென்றால் பிரிக்கலாம், அம்மா. அதற்கு முன்னால் இரண்டு நிமிடம் கையில் கட்டிப் பாருங்கள்."

கட்டிப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பினார். ஓட்டை வழியாக, எப்போதோ பால் கத்தி இழுத்த பழைய தழும்பு ஒன்று தெரிந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றி, அந்த ஓட்டையின் விளிம்பைச் சுற்றி மிகச் சிறிய வெள்ளை மணிகளாக ஒரு வரிசை போட்டார். ஒவ்வொரு மணியாகத் தட்டிலிருந்து குத்தி எடுத்து, பால் கிண்ணத்துக்கு விளிம்பு கட்டுவதுபோல.

நான் செய்தது, இரண்டு நிமிடம் பொறுக்கச் சொன்னது மட்டும். "ஓட்டையும் அழகுதான்" என்று தத்துவம் பேசியிருந்தால் அவர் எனக்காக அதை விட்டுவைத்திருப்பார், வீட்டுக்குப் போய்ப் பிரித்திருப்பார்.

8. அடிக்கடி வரும் சிக்கல்கள்

நூல் தீர்ந்துபோதல்: ஒரு சாண் மிச்சம் இருக்கும்போதே நிறுத்தச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு ஊசியைத் திருப்ப இடம் இருக்காது. புதிய நூலைப் பின்னலுக்குள் நான்கைந்து மணி குறுக்குமறுக்காக ஓட்டி, ஓர் அரை முடிச்சு போட்டு, பழைய நூல் வெளிவந்த இடத்திலேயே வெளிவர வேண்டும்.

குழல் மணி ஆசை: நீளமான குழல் மணிகளை யாராவது கொண்டுவருவார்கள். அவற்றின் வெட்டுவாய் கூர்மையானது, நூலை அறுக்கும். இரு பக்கமும் ஒரு சிறு உருண்டை மணி வைத்துக் கோத்தால் தப்பிக்கலாம்.

ஊசி நுழையாமை: ஒரே மணிக்குள் மூன்று நான்கு முறை நூல் போயிருக்கும். பலவந்தமாகத் தள்ளினால் மணி உடையும். பக்கத்து மணி வழியாகச் சுற்றிப் போங்கள்.

எல்லோருடைய துண்டும் ஒரே அகலத்தில் நேராக நீள்வது: இது சிக்கலாகத் தெரியாது, ஆனால் சிக்கல்தான். ஓரத்தில் திரும்புவது பழகிவிட்டதால் வரும் தூக்கம். "அடுத்த ஐந்து நிமிடம் ஓரம் வரை போகக்கூடாது, பாதியிலேயே திரும்புங்கள்" என்று எல்லோருக்கும் பொதுவாக ஒரு தடை போடுங்கள்.

9. முடிப்பது

முடிந்துவிட்டது என்று யார் சொல்வது? நீங்கள் சொல்லக்கூடாது. அளவு மட்டும் பாருங்கள்: மணிக்கட்டைச் சுற்றி ஒரு விரல் நுழையும் தளர்வு. கொக்கி வாங்கிச் செலவழிக்க வேண்டாம். பழைய சட்டைப் பொத்தான் ஒன்று, மறுமுனையில் அது நுழையும் அளவுக்கு மணி வளையம் ஒன்று. வளையத்தில் நூல் மூன்று முறை ஓடட்டும், தினமும் இழுபடும் இடம் அதுதான்.

நூல் முனையை லைட்டரால் சுடாதீர்கள். தூண்டில் நூல் உருகிப் பக்கத்து நூலையும் சேர்த்துத் தின்றுவிடும். உள்ளே ஓட்டி, ஒட்ட வெட்டினால் போதும்.

எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து ஒருமுறை சுற்றிவந்து பார்க்கலாம். பரிசு வேண்டாம். ஒருமுறை மண்டபப் பொறுப்பாளர் ஆர்வக்கோளாறில் முதல் பரிசு அறிவித்துவிட்டார். அடுத்த பட்டறையில் அந்தப் பரிசுக் கைப்பட்டைக்கு ஆறு தங்கைகள் பிறந்தன.

10. ஊசி எண்ணாமல் கதவைத் திறக்காதீர்கள்

கொடுத்த ஊசிகளை எண்ணித் திருப்பி வாங்குங்கள். முறிந்தது என்றால் இரண்டு துண்டும் கைக்கு வர வேண்டும். மண்டபத்துக்குள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். வெளியே பிள்ளைகள் அம்மாவுக்காகக் காத்து நிற்கிறார்கள். ஒன்று குறைந்தால், மின்விசிறியை நிறுத்தி, தட்டில் விரித்த துண்டுகளை ஒவ்வொன்றாக உதறி, காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையை ஒட்டி இழுத்துக்கொண்டு போங்கள். ஊசி தரையில் கிடந்தால் கிடைத்துவிடும். தரையில் இல்லையென்றால், யாருடைய சேலை முந்தானையில் குத்தியிருக்கிறது என்று பாருங்கள்.